கப்பலுக்குப் பணம் கட்டிய கவிஞர்



நம் பிள்ளைகளில் பலருக்கு இப்போது ஒரே யோசனைதான். வெளிநாடு போகலாமா, வேண்டாமா? பால் வெட்டியோ, ஃபேக்டரியில் ஓவர்டைம் செய்தோ, கூட்டுப் பணம் எடுத்தோ கையில் நாலு காசு சேர்ந்ததும் இந்த யோசனை வந்துவிடுகிறது. நம்மிடமும் வந்து கேட்கிறார்கள். போ என்று சொன்னால் பெற்றவள் முகம் வாடுகிறது. போகாதே என்று சொன்னால் பையன் முகம் வாடுகிறது. ஆகவே இந்த வாரம் நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. இதே யோசனையில் ஒரு வருஷம் முழுவதும் தவித்த ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்லப் போகிறோம். கேட்டுவிட்டு நீங்களே முடிவுக்கு வாருங்கள்.

அவர் தமிழர் அல்ல. ஸ்காட்லாந்துக்காரர். பெயர் ராபர்ட் பர்ன்ஸ். நம் தோட்டங்களை ஆண்ட தொரைமார்களில் ஏராளமானவர்கள் அவருடைய நாட்டிலிருந்து வந்தவர்கள்தான். கத்ரி கம்பெனியை 1821இல் சிங்கப்பூரில் தொடங்கிய அலெக்சாண்டர் கத்ரி ஸ்காட்லாந்துக்காரர். சைம் டார்பியில் பாதிப் பெயருக்குச் சொந்தக்காரரான வில்லியம் சைமும் அப்படியே. ஸ்காட்லாந்துக்காரர்கள் உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் ஜனவரி 25ஆம் தேதி இரவு கூடி விருந்து வைத்து, இந்தப் பர்ன்ஸை நினைத்துப் பாடுவார்கள். அது அவர் பிறந்த நாள். தொரைமார் தலையில் வைத்துக் கொண்டாடிய அந்தக் கவிஞர் பங்களாவில் பிறந்தவர் அல்ல என்பதுதான் வேடிக்கை. அவர் ஏர் பிடித்த ஏழை.

மண் வீட்டில் பிறந்தவர்

1759ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் தேதி, ஏர்ஷையர் என்ற பகுதியில் ஆலோவே என்னும் சிற்றூரில் ராபர்ட் பிறந்தார். தகப்பனார் வில்லியம், தோட்ட வேலை செய்து பிழைத்தவர். அந்த மண் வீட்டைத் தம் கையாலேயே கட்டினார். பிள்ளை பிறந்து சில நாட்களில் அடித்த புயலில் வீட்டின் ஒரு பக்கச் சுவர் இடிந்தது. தாயையும் சிசுவையும் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள்.

ஏழு பிள்ளைகளில் ராபர்ட்தான் மூத்தவர். தகப்பனாருக்குப் படிப்பின் அருமை தெரியும். அக்கம்பக்கத்து வீட்டார் சிலரோடு சேர்ந்து, ஜான் மர்டாக் என்ற இளம் வாத்தியாரைச் சம்பளத்துக்கு வைத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்தார். நாம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ஏழைத் தகப்பன் எழுத்துக்காகச் செலவழிக்கும் காசு எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும். அது சோற்றிலிருந்து வருகிறது.

1766இல் குடும்பம் 70 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தது. மண் மோசமான மண். கூலிக்கு ஆள் வைக்க வசதி இல்லை. பதின்மூன்று வயதில் ராபர்ட் கதிர் அடித்தார். பதினைந்து வயதில் அந்தப் பண்ணையின் முக்கிய வேலையாளே அவர்தான். வளரும் வயதில் பாரம் சுமந்ததால் முதுகு வளைந்தது, இருதயம் கெட்டது. இருபது வருஷம் கழித்து அவரைக் கொன்றதும் அந்த இருதய நோய்தான்.

1777இல் வேறொரு பண்ணைக்குப் போனார்கள். அங்கே நிலச்சொந்தக்காரருக்கும் தகப்பனாருக்கும் குத்தகைத் தகராறு. வழக்கு எடின்பரோவின் உயர்ந்த நீதிமன்றம் வரை போய், 1784 ஜனவரியில் தகப்பனார் பக்கம் தீர்ப்பானது. ஆனால் வழக்கு ஆளை உருக்கிவிட்டது. ஜெயித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, பிப்ரவரி 13ஆம் தேதி கண்ணை மூடினார்.

மூத்தவர் ராபர்ட்டும் தம்பி கில்பர்ட்டும் சேர்ந்து மோஸ்கீல் என்ற 118 ஏக்கர் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தார்கள். ஆண்டுக் குத்தகை 90 பவுன். அண்ணன் தம்பி இருவரும் உழைப்புக்கு ஆளுக்கு வருஷம் 7 பவுன் என்று சம்பளம் போட்டுக் கொண்டார்கள். இந்த 7 பவுனை மறந்துவிடாதீர்கள். நம் கணக்கு எல்லாம் இதை வைத்துத்தான். முதல் வருஷம் விதை கெட்ட விதை. இரண்டாம் வருஷம் அறுவடை தாமதித்துப் பாதி விளைச்சல் போயிற்று. ஆனாலும் ராபர்ட்டின் கைச்செலவு அந்த 7 பவுனைத் தாண்டியதில்லை என்று தம்பி சாட்சி சொல்லியிருக்கிறார்.

பகலில் ஏர். இரவில் மச்சில் இருந்த ஒரு சிறு மேசையில் கவிதை. இங்கிலீஷ் பெரிய மனிதர்களின் பாஷையில் மட்டும் அல்ல, தம் ஊர்க் குடியானவர்கள் பேசும் ஸ்காட் மொழியிலேயே எழுதினார். ஏர் முனையில் வளை கலைந்து ஓடிய சுண்டெலியைப் பற்றிக்கூட ஒரு கவிதை எழுதினார்.

ஓடிவிட நினைத்த வருஷம்

1786ஆம் ஆண்டு பிறந்தது. அவருக்கு வயது 27. பக்கத்து ஊரான மாக்லினில் கல் கொத்தனார் ஒருவரின் மகள் ஜீன் ஆர்மர். இருவரும் விரும்பினார்கள். பெண் கர்ப்பமானாள். பர்ன்ஸ் அவளைத் தம் மனைவியாக ஒப்புக்கொண்டு கடுதாசி எழுதிக் கொடுத்தார். பெண்ணின் தகப்பனோ, கையில் காசில்லாத குடியானவனுக்குக் கட்டிக் கொடுப்பதைவிடப் பெண் வீட்டிலேயே இருக்கட்டும் என்று நினைத்தார். வக்கீலிடம் கொடுத்து அந்தக் கடுதாசியில் இருந்த பெயர்களை வெட்டி எடுக்க வைத்தார். பெண்ணை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்.

பர்ன்ஸிடம் குற்றமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. அதற்கு முந்தின வருஷம் வேறொரு பெண்ணிடம் அவருக்கு ஒரு மகள் பிறந்திருந்தாள். ஊர்க் கோயிலில் எல்லார் முன்னாலும் நின்று கண்டனம் கேட்டார். விளைச்சல் இல்லை, மானம் போயிற்று, விரும்பிய பெண்ணும் இல்லை. அப்போதுதான் ஜமைக்கா என்ற பெயர் காதில் விழுந்தது.

ஜமைக்கா மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்று. கரும்புத் தோட்டங்களின் தீவு. போர்ட் அந்தோனியோ என்ற ஊருக்கு அருகில் சார்லஸ் டக்ளஸ் என்பவரின் தோட்டத்தில் வேலை. மூன்று வருஷ ஒப்பந்தம். சம்பளம் வருஷம் 30 பவுன். சொந்த ஊரில் 7, அங்கே 30. நாலு மடங்குக்கும் மேல். இந்தக் கணக்கைக் கேட்டால் எந்த இளைஞனுக்குத்தான் கால் தரையில் நிற்கும்?

ஆனால் கப்பல் கூலி 9 கினி. ஒரு கினி என்பது 21 ஷில்லிங், அதாவது ஒரு பவுனும் ஒரு ஷில்லிங்கும். ஆக 9 பவுன் 9 ஷில்லிங். அதுவும் கப்பலின் அடித்தட்டில், மலிவான இடத்துக்கு. அவருடைய ஒரு வருஷச் சம்பளத்தைவிட அது அதிகம். அந்தப் பணத்துக்கு எங்கே போவது? தெரிந்த வக்கீல் ஒருவர் யோசனை சொன்னார். மேசை இழுப்பறையில் கிடக்கும் கவிதைகளைப் புத்தகமாகப் போடு, முன்கூட்டியே சந்தா பிடி, வருகிற காசில் கப்பல் ஏறு என்று. அப்படியே செய்தார். புகழுக்காக அவர் முதல் புத்தகம் போடவில்லை, தோழர்களே. நாட்டைவிட்டுப் போகக் காசு சேர்க்கத்தான் போட்டார்.

புறப்படுமுன் செய்ய வேண்டிய ஒரு காரியத்தை அவர் மறக்கவில்லை. ஜூலை 22ஆம் தேதி, பண்ணையில் தமக்கிருந்த பங்கையும் புத்தகத்தின் பலனையும் தம்பி கில்பர்ட் பெயருக்கு எழுதி வைத்தார். நிபந்தனை ஒன்றுதான். தம் சின்ன மகளை வளர்த்து ஆளாக்க வேண்டும். இதற்குள் ஜீனின் தகப்பன் பிள்ளைக்கு ஜாமீன் பணம் கேட்டு வாரண்டு வாங்கிவிட்டார். பர்ன்ஸ் ஒளிந்து திரிய வேண்டியதாயிற்று.

அந்த வேலை என்ன வேலை?

இங்கே கொஞ்சம் நிற்போம். அந்த 30 பவுன் வேலைக்குக் கணக்கப்பிள்ளை என்று பெயர். பெயரைக் கேட்டால் நிழலில் உட்கார்ந்து பேரேடு எழுதும் வேலை மாதிரி இருக்கும். நிஜம் அது இல்லை. ஜமைக்காவில் அப்போது இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க அடிமைகள் இருந்தார்கள். விலைக்கு வாங்கப்பட்டவர்கள். கூலி இல்லை, விடுதலை இல்லை, பெற்ற பிள்ளைகூடச் சொந்தம் இல்லை. கணக்கப்பிள்ளை என்பவர் அவர்களை விடியும் முன் கரும்புக் காட்டுக்கு ஓட்டிப்போய், சவுக்குக்குப் பக்கத்தில் நின்று வேலை வாங்குகிறவர். பெரட்டுக்கு ஆள் எண்ணும் கிராணியும் காட்டில் நிற்கும் தண்டலும் ஒருவரே ஆனது மாதிரி. ஆனால் எதிரில் நிற்கிறவர்கள் கூலிகள் அல்ல, அடிமைகள்.

சுண்டெலிக்கு இரங்கிய மனிதர், பணக்காரன் முன்னால் கூனிக் குறுகாதவர், அந்த வேலைக்குக் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார். தெரியாமல் அல்ல. அடிமைகளை ஓட்டும் வேலைக்குத்தான் போக இருந்தேன் என்று பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார். கஷ்டம் கழுத்தைப் பிடிக்கும்போது நல்ல மனிதனும், சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்கிறான். யாரை வாட்டி அந்தச் சம்பளம் வருகிறது என்று கேட்பதில்லை.

இது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2022இல் கம்போடியா, மியன்மார் பக்கம் நல்ல சம்பளம் என்று நம்பிப் போன மலேசிய இளைஞர்கள் மோசடிக் கும்பல்களிடம் அகப்பட்டார்கள். உட்கார வைத்து, ஊர் பேர் தெரியாத ஏழைகளைப் போனில் ஏமாற்றும் வேலையைக் கொடுத்தார்கள். மாட்டேன் என்றவர்களுக்கு அடி விழுந்தது. வேலைக்கு என்ன பெயர் என்று கேட்டால் போதாது. காலையில் எழுந்ததும் கை என்ன செய்யும் என்று கேட்க வேண்டும்.

மூன்று ஷில்லிங் புத்தகம்

1786 ஜூலை 31ஆம் தேதி கில்மார்னாக் என்ற ஊரில் புத்தகம் வெளிவந்தது. 612 பிரதிகள். விலை 3 ஷில்லிங். ஒரு மாதத்துக்குள் ஏறக்குறைய எல்லாமே தீர்ந்துவிட்டது. பண்ணை ஆட்களும் வேலைக்காரப் பெண்களும்கூடத் துணி வாங்க வைத்திருந்த காசைப் போட்டு வாங்கினார்கள் என்று சொல்வார்கள். அச்சுக்கூலி போகப் பர்ன்ஸ் கைக்கு ஏறக்குறைய 20 பவுன் மிஞ்சியது. மூன்று வருஷ உழைப்புக்குக் கிடைக்கும் பணம்! முதலில் அவர் செய்தது, கப்பலுக்கு 9 கினியை ஒதுக்கியதுதான்.

ஆகஸ்டில் கிரீனாக் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல். ஏறத் தயாராகப் போனவருக்கு, ஜமைக்காவில் வாழ்ந்து திரும்பிய ஒரு தம்பதி எதிர்ப்பட்டார்கள். அந்தக் கப்பல் போய்ச் சேருவது தீவின் ஒரு கோடி, வேலை இருப்பதோ மறு கோடி. நடுவில் தரைவழிப் பயணத்துக்கே முதலாளிக்கு 50 பவுனுக்கு மேல் ஆகும், வெயிலில் காய்ச்சலும் வரும் என்றார்கள். ஏற்பாடு செய்தவருக்கே அதுவரை தெரியாத சங்கதி! போய் வந்தவர்கள் வாயால் கேட்ட பிறகுதான் வெளிச்சம். அந்தக் கப்பல் அவர் இல்லாமல் போயிற்று. செப்டம்பருக்கு வேறு கப்பல் என்று தேதி தள்ளியது.

செப்டம்பர் 3ஆம் தேதி ஜீனுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. ஆண் ஒன்று, பெண் ஒன்று. தகப்பன் மனசு என்ன பாடுபட்டிருக்கும்! அடுத்த கப்பலும் போயிற்று. அந்தச் சமயத்தில் எடின்பரோவிலிருந்து ஒரு கடிதம் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. எழுதியவர் தாமஸ் பிளாக்லாக் என்ற கண் தெரியாத புலவர். இந்தக் கவிதைகளை இன்னும் பெரிய அளவில் அச்சடிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார். பெட்டி படுக்கையைத் துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டு வழியனுப்புப் பாட்டும் எழுதி முடித்திருந்த மனிதர், திசையை மாற்றினார். நவம்பர் 27ஆம் தேதி இரவல் குதிரையில் ஏறினார். குதிரை போனது கடற்கரைக்கு அல்ல, எடின்பரோவுக்கு.

கவனியுங்கள், தோழர்களே. போவதற்காகச் சேர்த்த அதே பணம்தான் அவரைப் போகாமல் நிற்கவும் வைத்தது. கையில் காசில்லாதவனுக்கு ஒரே வழிதான். யார் இழுக்கிறார்களோ அவர்கள் பின்னால் போக வேண்டும். கையில் 20 பவுன் இருந்ததால் அவரால் காத்திருக்க முடிந்தது. கப்பலைத் தவறவிட முடிந்தது. இன்னொரு பேச்சைக் கேட்க முடிந்தது. நம் பிள்ளைகள் சேமிப்பைக் கப்பல் டிக்கெட் என்றே நினைக்கிறார்கள். அது அவசரப்படாமல் யோசிப்பதற்கான விலையும்கூட.

நின்றதால் என்ன கிடைத்தது?

நின்றவர் கோடீஸ்வரர் ஆனார் என்று கதை முடிந்தால் நமக்கும் சௌகரியம்தான். ஆனால் நடந்தது அது இல்லை.

1787 ஏப்ரலில் எடின்பரோவில் இரண்டாம் பதிப்பு ஏறத்தாழ 3,000 பிரதிகள் வந்தது. பெரிய வீடுகளில் கூப்பிட்டு விருந்து வைத்தார்கள். பதிப்புரிமையை 100 கினிக்கு விற்றார். பதிப்பாளர் பணத்தை இழுத்தடித்தார். வந்த பணத்தில் 180 பவுனைத் தம்பியிடம் கொடுத்தார். மோஸ்கீல் பண்ணை மூழ்காமல் நின்றது. தாயும் சகோதரிகளும் தெருவுக்கு வராமல் பிழைத்தார்கள். 1788இல் ஜீனை ஊரறிய மனைவியாக்கிக் கொண்டார். கடுதாசியை வெட்டிய மாமனாரும் சமாதானமானார்.

டம்ஃப்ரீஸ் நகருக்குப் பக்கத்தில் எல்லிஸ்லாண்ட் என்ற பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தார். மறுபடியும் மோசமான மண். 1789இல் வருஷம் 50 பவுன் சம்பளத்தில் அரசாங்கச் சுங்கவரி உத்தியோகத்தில் சேர்ந்து, வாரம் 200 மைல் குதிரையில் அலைந்தார். 1791இல் பண்ணையை விட்டுவிட்டு நகரத்துக்குக் குடிபோனார்.

இந்த வருஷங்களில்தான் அவருடைய பெரிய காரியம் நடந்தது. கிழவிகள் வாயிலும் உழவர்கள் வாயிலும் அழிந்து கொண்டிருந்த ஸ்காட் நாட்டுப்பாடல்களைத் தேடிச் சேர்த்தார். உடைந்ததைச் செப்பனிட்டார், இல்லாததைப் புதிதாக எழுதினார். நூற்றுக்கணக்கான பாட்டுகள். அதற்குக் கூலி வாங்க மறுத்தார். புத்தாண்டு நள்ளிரவில் உலகமெங்கும் கை கோத்துப் பாடுகிறார்களே, பழைய சிநேகத்தை மறக்காத அந்தப் பாட்டு அவர் செப்பனிட்டுக் கொடுத்தது. ஏழையின் மானத்தைப் பற்றி 1795இல் எழுதிய பாட்டை, 1999இல் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் திறந்த நாளில் பாடினார்கள். ஜமைக்காவுக்குப் போயிருந்தால் இந்தப் பாட்டுகள் பிறந்திருக்குமா? காய்ச்சலில் வெள்ளைக்காரர்கள் கொத்துக் கொத்தாகச் செத்த தீவு அது.

ஆனாலும் வறுமை விடவில்லை. 1796 ஜூலையில் படுக்கையில் கிடந்தபோது, துணிக்கடை பாக்கிக்காகச் சிறைக்குப் போக நேருமோ என்று பயந்து, ஒருவரிடம் 5 பவுனும் இன்னொருவரிடம் 10 பவுனும் கேட்டுக் கடிதம் எழுதினார். ஜூலை 21ஆம் தேதி உயிர் பிரிந்தது. வயது 37. ஜூலை 25ஆம் தேதி அடக்கம். அன்றைக்கே ஜீனுக்குக் கடைசிப் பிள்ளை பிறந்தது. ஜனங்கள் நிதி திரட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள்.

ஜீன் 1834 வரை வாழ்ந்தார். அதே வருஷம் ஆகஸ்டு முதல் தேதிதான் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமை முறை ஒழிப்புச் சட்டம் அமுலுக்கு வந்தது. அடிமைகள் போனதும் கரும்பு முதலாளிகள் யாரைத் தேடினார்கள் தெரியுமா? நம்மைத்தான். மொரிசியஸ், கயானா என்று இந்தியக் கூலிகளை ஒப்பந்தம் போட்டு ஏற்றினார்கள். 1845இல் ஜமைக்காவுக்கும் முதல் கப்பல் போயிற்று. நம் மலாயாவில் புரொவின்ஸ் வெல்லஸ்லி கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் வந்ததும் அந்தக் காலத்தில்தான். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலி வருவது 1910இல்தான் நிறுத்தப்பட்டது. பர்ன்ஸ் ஏறாத கப்பலின் கதையில் கடைசிப் பக்கத்தில் நம் பாட்டன் பூட்டன் நிற்கிறார்கள்.

ஒன்றும் சொல்லவேண்டும். ஊரைவிட்டுப் போகிறவர்களைப் பர்ன்ஸ் பழித்ததில்லை. அதே 1786இல் மலைநாட்டு ஏழைகள் 500 பேர் கொடுமை தாங்காமல் கனடாவுக்குக் கப்பலேற நினைத்தார்கள். போகவிடாமல் தடுக்கப் பண்ணையார்கள் கூட்டம் போட்டார்கள். அந்தப் பண்ணையார்களைக் கிழித்து ஒரு கவிதை எழுதினார். போவதும் உழைப்பாளியின் உரிமை, நிற்பதும் உழைப்பாளியின் உரிமை. அடுத்தவன் பிடித்துத் தள்ளியோ, பிடித்து வைத்தோ அது நடக்கக் கூடாது.

ஆகவே தம்பி, தங்கைகளே, கையில் காசு சேர்ந்திருந்தால் சந்தோஷம். அவமானத்திலிருந்து ஓடப் போகிறீர்களா, ஒன்றைத் தேடிப் போகிறீர்களா என்று முதலில் உங்களையே கேளுங்கள். ஏஜண்டு சொல்வதைக் கேளுங்கள், ஆனால் போய் வந்தவர் சொல்வதைக் கேட்காமல் காசு கட்டாதீர்கள். வேலை என்ன, அதனால் வாடப் போகிறவர் யார் என்று விசாரியுங்கள். வீட்டில் விட்டுப் போகிறவர்களுக்கு என்ன ஏற்பாடு என்பதை எழுத்தில் வையுங்கள். ஒரு கப்பல் போனால் இன்னொரு கப்பல் வரும். இத்தனையும் யோசித்த பிறகு போகத்தான் வேண்டும் என்றால், தைரியமாகப் போய் வாருங்கள். சந்தேகம் இருந்தால் ஒப்பந்தக் கடுதாசியைச் சங்கக் கிளைக்குக் கொண்டு வாருங்கள். கையெழுத்துப் போடுமுன் சேர்ந்து படித்துப் பார்ப்போம்.